தாய்ப்பால்: ஐயமும் தெளிவும்

உமறுப் புலவர் தாம் இயற்றிய சீறாப்புராணத்தின் விலாதத்துக் காண்டத்தில் 'அலிமா முலையூட்டுப் படலம்' என ஒரு படலத்தையே அமைத்துள்ளார். அண்ணல் நபி (ஸல்) அவர்கட்குப் பாலூட்டி வளர்த்த அன்னை ஹலீமா அவர்களின் வரலாறு அதில் பாடப்பெறுகிறது. நம் அகப்பாடல்களிலோ நற்றாய்க்கு இணையாகச் செவிலித்தாய்க்கும் இடம் தரப்பட்டுள்ளது. 'செவிலி' என்னும் அப்பழஞ்சொல்லே இன்று மருத்துவமனைகளில் பணிபுரியும் செவிலியரைக் குறிக்கவும் வழங்குகிறது. மகவைப் பாலூட்டி வளர்க்கும் பணி, சுற்றத்தார் துணைநிற்க நடைபெறுவது என்னும் உண்மை இவ்விரு மரபுகளிலும் பொதிந்திருக்கக் காண்கிறோம்.

இதனை எழுத நம்மைத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் துறையில் ஆய்வு மேற்கொண்டிருந்த மாணவி ஒருவருக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. இருபதாம் நாளில் துறையினர் சிலர் குழந்தையைக் காணச் சென்றிருந்தோம். சன்னல் திண்டில் பால் மாவு டப்பாவும் புட்டியும் இருந்தன. "மூன்றாம் நாளே பார்த்துவிட்டோம், இவளுக்குப் பால் போதவில்லை" என்றார் வீட்டிலிருந்த மூத்தவர் ஒருவர். அவர் அதனைக் குறையாகச் சொல்லவில்லை, இரக்கத்தோடுதான் சொன்னார். ஆயினும் அம்மாணவி தலைகுனிந்தார். எத்தனையோ கருத்தரங்குகளில் தயங்காது விடைபகர்ந்த அவர், அன்று ஒரு சொல்லும் பேசவில்லை. நாமும் ஆறுதல் கூற அறியாமல் திரும்பினோம். அதன்பின் குழந்தைநல மருத்துவர்களையும் அனுபவம் மிக்க செவிலியரையும் கேட்டும், நூல்களைக் கற்றும் நாம் தெளிந்தவற்றை, விரைவில் பெற்றோராகவிருக்கும் நம் மாணவ மாணவியர்க்கு இக்கட்டுரை வாயிலாக எடுத்துரைக்க விழைகிறோம்.

பால் சுரக்கும் முறை

தாய்ப்பால், குடத்தில் நிரப்பி வைத்து எடுக்க எடுக்கக் குறையும் நீர் போன்றதன்று. அது மணற்கேணி போன்றது. இறைக்க இறைக்க ஊறுவது. குழந்தை மார்பைச் சுவைக்கும்போது தாயின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து இரண்டு இயக்குநீர்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் உண்டான பாலை வெளியே செலுத்துகிறது. புரோலாக்டின் இரவில் மிகுதியாகச் சுரப்பதால், இரவில் பாலூட்டுவது மறுநாளைய சுரப்புக்கும் அடித்தளம் ஆகிறது. ஆக்சிடோசினோ மனநிலையைச் சார்ந்தது. வலி, அச்சம், கவலை, கடுஞ்சொல் ஆகியவை அதனைத் தற்காலிகமாகத் தடுக்கும். அப்பொழுது மார்பில் பால் இருந்தும் வெளிவரத் தயங்கும்.

மார்பு நிறைந்தபடியே விடப்பட்டால் 'இனித் தேவையில்லை' என உடல் எண்ணிச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு வேளை பால் மாவு கொடுத்தால், அந்த வேளைக்குரிய தாய்ப்பால் உண்டாவதற்கான தூண்டுதல் இல்லாமற் போகிறது. மறுநாள் சுரப்பு குறைகிறது. குறைந்ததைக் கண்டு மேலும் ஒரு வேளை மாவு கொடுக்கப்படுகிறது. 'போதவில்லை' என்னும் சொல் இவ்வாறு தன்னைத் தானே மெய்ப்பித்துக்கொள்கிறது. நம் மாணவிக்கு நேர்ந்ததும் இதுவே. மார்பகத்தின் அளவுக்கும் சுரக்கும் பாலின் அளவுக்கும் தொடர்பில்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டத் தொடங்குதல், முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே அளித்தல், அதன்பின் தக்க துணையுணவுகளுடன் இரண்டு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்தல் என்னும் மூன்றும் உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைகளாகும். நம் நாட்டில் 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நூற்றுக்கு 88.6 மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆயினும் ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 41.8 பேர் மட்டுமே. மருத்துவமனை வாசலை எட்டிய நாம் முதல் மணி நேரத்தை இன்னும் எட்டவில்லை என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

தமிழகத்தில் அதே ஆய்வுக் காலத்தில் நூற்றுக்கு 44.9 மகப்பேறுகள் அறுவை முறையில் நிகழ்ந்தன. அறுவைக்குப் பின் தாய் எழுந்து அமர இயலாது என்பதனால் பாலூட்டல் பல மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆனால் தாய் மயக்கம் தெளிந்தவுடன் குழந்தையை அவர் மார்பின்மீது கிடத்தலாம். படுத்த நிலையிலும், ஒருக்களித்த நிலையிலும் ஊட்டலாம். அதற்கு அருகில் ஒருவர் நின்று குழந்தையைத் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

முதல் இரண்டு மூன்று நாள்களில் சுரப்பது சீம்பால். மஞ்சள் நிறமாய்த் தடித்திருப்பதால் 'கெட்ட பால்' எனக் கருதிப் பீய்ச்சிவிடும் வழக்கம் சில இடங்களில் இன்றும் உண்டு. நோய் எதிர்ப்புப் பொருள்களும் வைட்டமின் ஏ சத்தும் செறிந்த இப்பாலை வீணாக்குதல், குழந்தைக்குக் கிடைக்கும் முதற்காப்பையே நீக்குவதாகும். கரும்பச்சை நிறமான முதல் மலம் எளிதில் வெளியேறவும் இது துணைபுரிகிறது. சீம்பால் சிறிதளவே சுரக்கும். பிறந்த முதல் நாளில் குழந்தை ஒரு வேளைக்குக் கொள்வதும் ஒரு தேக்கரண்டி அளவே. எனவே அச்சிற்றளவு குறைபாடன்று, பொருத்தமான அளவாகும்.

இக்காலத்தில் சேனை வைத்தல் என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் முதலியவற்றை நாவில் இடும் வழக்கத்தைத் தவிர்த்தல் வேண்டும். அவை நோய்க் கிருமிகளை உட்செலுத்தக் கூடும். குறிப்பாகத் தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் விதைகள், குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோயை உண்டாக்கக் கூடியவை. ஆதலால் ஓராண்டு நிறையும்வரை தேன் கூடாது என்பது மருத்துவர்களின் ஒருமித்த கருத்து. தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் நீரே என்பதால், சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குத் தனியே தண்ணீர் தேவையில்லை.

போதுமா, போதாதா?

'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்பது பழமொழி. ஆயினும் அழுகை பசியின் இறுதி அறிகுறி என்கின்றனர் மருத்துவர்கள். தலையைத் திருப்பித் தேடுதல், வாயைத் திறத்தல், கையைச் சப்புதல் ஆகியவையே முதல் அறிகுறிகள். அழுது களைத்த குழந்தையால் மார்பைச் சரியாகப் பற்ற இயலாது. ஆகவே அழுமுன் ஊட்டுதலே அறிவுடைமை. பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது இயல்பு. மேலும், பிறந்த இரண்டு மூன்று வாரங்களிலும், ஆறாவது வாரத்தையொட்டியும் சில நாள்கள் ஓயாது பால் கேட்கும். வளர்ச்சிக்கேற்பச் சுரப்பைக் கூட்டிக்கொள்ளும் இயற்கையின் ஏற்பாடு அது. அந்நாள்களிலேதான் பெரும்பாலான வீடுகளில் பால் மாவு நுழைகிறது.

அவ்வாறாயின், பால் போதுமானதென அறிவது எங்ஙனம்? அழுகை சரியான அளவுகோலன்று. குழந்தைகள் வேறு பல காரணங்களாலும் அழும். மார்பு இறுகியிருத்தலும் அளவுகோலன்று. சில வாரங்களில் சுரப்பு சீரானதும் மார்பு இளகிவிடும். ஐந்தாறு நாள்களுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் வெளிர்நிறமாகச் சிறுநீர் கழிக்கிறதா என்று நோக்க வேண்டும். குடிக்கும்போது விழுங்கும் ஓசை கேட்க வேண்டும். எடை கூட வேண்டும். பிறந்த முதல் சில நாள்களில் எடை சற்றுக் குறைவது இயல்பே. பிறந்தபோதிருந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, இரண்டு வாரங்களாகியும் பழைய எடை மீளாவிட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மஞ்சள் காமாலை மிகுந்தாலோ, குழந்தை பாலுக்கு எழாமல் சோர்ந்து உறங்கினாலோ காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். உண்மையிலேயே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார்களும் உள்ளனர்; ஆனால் அவர்கள் சிலரே. அதனைத் தீர்மானிக்க வேண்டியது எடைத்தராசும் மருத்துவரும். அண்டை வீட்டாரின் கண்மதிப்பு அன்று.

பற்றும் முறையும் மார்புப் புண்ணும்

பாலூட்டலைத் தாய்மார்கள் கைவிட மற்றொரு காரணம் வலி. காம்பில் புண்ணும் வெடிப்பும் தோன்றி, குழந்தை அழுதாலே தாய் நடுங்கும் நிலை ஏற்படுகிறது. குழந்தை காம்பை மட்டும் பற்றுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். காம்போடு அதனைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியும் குழந்தையின் வாயினுள் செல்ல வேண்டும். வாய் அகலத் திறந்திருத்தல், கீழுதடு வெளிப்புறமாக மடிந்திருத்தல், தாடை மார்பைத் தொடுதல், கருவட்டம் கீழ்ப்பகுதியைவிட மேற்பகுதியில் மிகுதியாகத் தெரிதல் ஆகிய நான்கும் சரியான பற்றுதலின் அடையாளங்கள். குழந்தையின் தலையும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் தாயை நோக்கியிருத்தல் வேண்டும். தாய் குனிந்து மார்பைக் குழந்தைக்குக் கொணர்வதைவிட, நன்றாகச் சாய்ந்தமர்ந்து குழந்தையை மார்புக்குக் கொணர்தல் நன்று.

பற்றுதல் தவறாயிருந்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியைத் தளர்த்தி, மீண்டும் பற்றச் செய்யலாம். புண்ணின்மீது ஊட்டியபின் ஓரிரு துளித் தாய்ப்பாலையே தடவி உலரவிடலாம். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுதல் கூடாது. அது தோலை வறளச் செய்யும். காம்பு தட்டையாகவோ உட்குழிந்தோ இருப்பின் பாலூட்ட முடியாதெனக் கலங்க வேண்டுவதில்லை. குழந்தை பற்றுவது மார்பையே என்பதால் பயிற்சியால் இயலும். எல்லாம் சரியாயிருந்தும் வலி நீடித்தால் குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என மருத்துவர் பார்த்தல் வேண்டும்.

பால்கட்டும் காய்ச்சலும்

பிறப்புக்குப் பின் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை மார்பு கல்லைப் போல் இறுகிக் கனக்கக் கூடும். இதனைப் பால்கட்டு என்பர். அடிக்கடி ஊட்டுதலே முதல் மருந்து. குழந்தை பற்ற இயலாதவாறு இறுகியிருந்தால் கையால் சிறிது பீய்ச்சி இளக்கிக்கொள்ளலாம். ஊட்டிய பின் குளிர்ந்த துணியை ஒற்றினால் வீக்கமும் வலியும் தணியும்.

மார்பின் ஒரு பகுதி சிவந்து சூடேறிக் குளிர்காய்ச்சலும் வந்தால் அது மார்பக அழற்சியாக இருக்கலாம். கட்டியைக் கரைப்பதாக எண்ணி எண்ணெயிட்டு அழுத்திப் பிசையும் வழக்கம் நம்மிடையே உண்டு. அழுத்திப் பிசைந்தால் உள்ளே வீக்கம் பெருகும் என்பதால் இன்றைய மருத்துவம் அதனை விலக்குகிறது. வழக்கம்போல் ஊட்டுதலும், குளிர்ந்த ஒற்றடமும், ஓய்வும் வேண்டும். ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவரைக் காண வேண்டும். 'காய்ச்சல் பால்' என்று திடீரென ஊட்டலை நிறுத்துவது, பால் தேங்கிச் சீழ்க்கட்டி உண்டாக வழிவகுக்கும். சளி, சாதாரணக் காய்ச்சல் ஆகிய காலங்களிலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்பாற்றல் பால்வழியே குழந்தைக்கும் சேர்கிறது.

தாயின் உணவும் உள்ளமும்

ஊட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் பரிந்துரை. நம் வீடுகளிலோ பத்தியம் என்னும் பெயரில் காயும் கனியும் விலக்கப்படுகின்றன. தண்ணீரும் அளந்து தரப்படுகிறது. பூண்டும் சுறாப்புட்டும் கொடுப்பதில் தவறில்லை. அவற்றோடு சோறும் பருப்பும் கீரையும் முட்டையும் மீனும், தாகத்திற்கேற்பத் தண்ணீரும் கொடுக்கப்பட வேண்டும். எந்த உணவு பாலைப் பெருக்கும் என்று தேடுவதினும், ஊட்டும் முறை எண்ணிக்கையில் குறையாதிருக்கப் பார்த்துக்கொள்வதே பயன்தரும்.

பிள்ளை பெற்ற முதல் வாரங்களில் காரணமின்றிக் கண்ணீர் வருதல் பலர்க்கும் நேர்வது. இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்தாலோ, குழந்தைமீது நாட்டமின்மை தோன்றினாலோ அது நோய்; மருத்துவம் பார்க்கத் தக்கது. அதனை மனத்திட்பமின்மை எனப் பழித்தல் அறமன்று.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனம், பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோர்க்கு முழுமையான இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதே வசனம், ஊட்டும் தாய்க்கு உணவும் உடையும் அளிக்கும் கடமையைத் தந்தைமீது சுமத்துகிறது. பால் மறக்கச் செய்வதையும் இருவரும் கலந்து முடிவு செய்யும்படி கூறுகிறது. முதற்பகுதியை மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். பிற்பகுதி தந்தையர்க்கு உரியது. இரவில் குழந்தையைத் தூக்கித் தருதல், துணி மாற்றுதல், ஏப்பம் விடச் செய்தல், வருவோர் போவோரின் 'போதவில்லை' என்னும் தீர்ப்பு தாயின் செவியில் விழாமல் தடுத்தல் ஆகியவை அவர் செய்யக்கூடியவை.

புட்டியும் சட்டமும்

குழந்தைநல மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்டார். தாய்ப்பாலுக்கு மாற்றாக டின் பாலை விளம்பரப்படுத்தியதால் குழந்தைகள் இறப்பதைக் கண்டு வெதும்பிய உரை அது. நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1981இல் உலக நலவாழ்வுப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 1992இல் தனிச்சட்டம் இயற்றி, 2003இல் அதனை மேலும் வலுப்படுத்தியது. பால் மாவையும் புட்டியையும் விளம்பரப்படுத்துவதும், தாய்மார்க்கும் மருத்துவப் பணியாளர்க்கும் அவை குறித்து அன்பளிப்பு வழங்குவதும் இச்சட்டப்படி குற்றமாகும்.

பணிக்குத் திரும்பும் தாய்மார்க்கும் வழியுண்டு. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் மகப்பேற்று விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியது. தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015இல் தொடங்கப்பட்டன. தூய கையால் பீய்ச்சிய பாலை மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாம். வெளியே வைப்பதாயின் நான்கு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. நம் கோடையில் அதனினும் குறைவாக வைத்தல் நன்று. அதனை அடுப்பில் கொதிக்க வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளஞ்சூடாக்கிப் பாலாடையாலோ சிறு கிண்ணத்தாலோ ஊட்டலாம். நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடை, புட்டியைவிடக் கழுவுவதற்கு எளிது. இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளிலும் அது பயன்படுகிறது.

ஊட்ட இயலாதபோது

தாயின் சில நோய்களும், அவற்றிற்கான சில மருந்துகளும், குழந்தைக்குப் பிறவியிலேயே அமையும் அரிய சில குறைபாடுகளும் பாலூட்டலுக்குத் தடையாகலாம். குறைமாதக் குழந்தைகட்கு உதவத் தாய்ப்பால் வங்கிகள் உள்ளன. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் அவர்களின் முயற்சியால் தோன்றியது. இஸ்லாமிய நெறியில் பால்குடி உறவு, திருமண விலக்குக்குரிய உறவாதலின், பலர் தந்த பால் கலக்கப்படும் வங்கிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்நிலை நேர்வோர் மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் ஒருங்கே கலந்து முடிவு செய்தல் தகும். மருத்துவர் அறிவுரைப்படி பால் மாவு கொடுக்க நேரும் தாய், தாய்மையில் சிறிதும் குறைந்தவர் அல்லர்.

நிறைவுரை

நம் மாணவியின் வீட்டுக்கு அடுத்த வாரம் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் வந்தாராம். குழந்தையை எடைபோட்டார், பற்றும் முறையைத் திருத்தினார், புட்டியை ஒதுக்கிப் பாலாடையை எடுக்கச் சொன்னார், ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பு, பின்னரே மாவு என ஒழுங்கு செய்து, எடையைப் பார்த்துப் பார்த்து மாவின் அளவைக் குறைக்கச் செய்தார். இரண்டாம் மாத முடிவில் மாலையில் ஒரு வேளை தவிர மற்றெல்லாம் தாய்ப்பாலாயிற்று. அந்த ஒரு வேளை கடைசிவரை நின்றது. "அதனால் எனக்கு வருத்தமில்லை, முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் வருத்தம்" என்று பின்னாளில் அவர் கூறினார்.

முதல் நாளிலேயே சொல்லும் ஒருவராக நம்மில் ஒவ்வொருவரும் இருக்கலாம். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செல்லும்போது பால் மாவு டப்பாவைப் பரிசாக எடுத்துச் செல்லாதிருப்போம். 'பால் போதுகிறதா?' என்று கேட்பதை விடுத்து, 'நீ சாப்பிட்டாயா? சிறிது நேரம் உறங்கு. பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிப் பழகுவோம். செவிலி என்னும் நம் பழஞ்சொல்லுக்கு நாம் செய்யும் சிறப்பும் அதுவே ஆகும்.